அறுபதுக்குப் பின் இருநூறு கிலோமீட்டர்: வாசகர் கேள்வி–பதில்

நெடுந்தூரச் சைக்கிள் பயணம் குறித்து சேலத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் எழுதியவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 61. தினமும் காலையில் 15 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறேன். 200 கி.மீ. பிரெவே பயணத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமாம். என் வேகம் மணிக்கு 18 கி.மீ.தான். இது நடக்கிற காரியமா?
— வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: நடக்கிற காரியம்தான். ஆனால் உங்கள் வேகத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு, நின்று நின்று போகும் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரெவே என்பது குறித்த தூரத்தைக் குறித்த கெடுவுக்குள் ஓட்டி முடிக்கும் நெடுந்தூரச் சைக்கிள் பயணம்; பந்தயம் அன்று. பாரிஸ் நகரத்து சைக்கிள் சங்கமான ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி உலகெங்கும் நடக்கும் இந்தப் பயணங்களை, நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழ் உள்ளூர்க் குழுக்கள் நடத்துகின்றன. முதலிடம், இரண்டாமிடம் என்ற தரவரிசை கிடையாது. வயதுக்கு மேல்வரம்பும் கிடையாது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்று கெடு இருக்கிறது; அந்தக் கெடுவுக்குள் முடித்தவர் எல்லாரும் முடித்தவர்தாம். புறப்பட்ட நொடியில் ஓடத் தொடங்கும் கடிகாரம் எதற்காகவும் நிற்பதில்லை. பஞ்சர் ஒட்டுவது, தேநீர் குடிப்பது, மர நிழலில் கால் நீட்டுவது எல்லாம் அந்தக் கணக்கிலேயே சேரும்.

இப்போது உங்கள் 18 கி.மீ.யை எடுத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் 200 கி.மீ.க்கு 11 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நிற்பதற்கு உங்கள் கையிருப்பு ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். பிற்பகல் வெயிலில் சராசரி 16-க்கு இறங்கிவிட்டால் ஓட்டும் நேரமே பன்னிரண்டரை மணி ஆகிவிடும். கையில் ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, கைகழுவி, பணம் கொடுத்து, சீட்டைத் துடைத்து மீண்டும் ஏறுவதற்குள் நாற்பது நிமிடம் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வந்ததைப் பதிவு செய்ய வழியில் குழு அமைத்திருக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் கெடு உண்டு: 100-வது கிலோமீட்டரில் ஒன்று இருந்தால், அங்கே 6 மணி 40 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்து பயண அட்டையில் முத்திரை வாங்கிவிட வேண்டும். ஆகவே, ‘இன்னும் வேகமாக ஓட்டப் பழக வேண்டும்’ என்று நினைக்காதீர்கள். ஒரே சீராக ஓட்டவும் குறைவாக நிற்கவும் பழகுங்கள். நம் வயதில் வேகம் கூட்டுவது கடினம். நிறுத்தங்களைக் குறைப்பது யாருக்கும் கைகூடும்.

பயிற்சிக்கு உங்கள் அன்றாட 15 கி.மீ. நல்ல அடித்தளம், ஆனால் அது மட்டும் போதாது. வாரத்தில் ஒரு நாளை நீண்ட ஓட்டத்துக்கென்று ஒதுக்குங்கள். அம்மாப்பேட்டையிலிருந்து அயோத்தியாப்பட்டினம் வழியாக வாழப்பாடி வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 60 கி.மீ.; ஆத்தூர் வரை போய் வந்தால் நூறைத் தாண்டும்; ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் அணை போய் வந்தாலும் ஏறத்தாழ நூறுதான். வாரத்துக்கு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாமல், மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் இறக்கி ஓட்டுங்கள். அந்த இறக்கும் வாரத்தைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தவிர்த்துவிடாதீர்கள். நம் வயதில் தசை ஆறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. 140, 150 கி.மீ. ஓட்டத்தை ஒருமுறை நல்ல நிலையில் முடித்துவிட்டால் 200-க்குப் பெயர் கொடுக்கலாம்.

கேள்வி: ஏற்காட்டுக்கு ஒருமுறையாவது சைக்கிளில் ஏறிவிட வேண்டும் என்பது இளமை முதலான கனவு. வயது 58. ஆறாவது கொண்டை ஊசி வளைவுக்குள்ளாகவே முழங்கால் வலி தொடங்கிவிடுகிறது. முன்பக்கம், சிப்பிக்குக் கீழே வலிக்கிறது. மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து, பெரிய தேய்மானம் எதுவும் இல்லை என்கிறார். கனவை விட்டுவிட வேண்டியதுதானா?
— வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: விட வேண்டாம். எக்ஸ்ரே சரியாக இருந்தும் ஏற்றத்தில் மட்டும் முழங்காலின் முன்பக்கம் வலித்தால், சந்தேகம் முதலில் சீட் உயரத்தின் மீதும் அடுத்து கியர் மீதும் விழ வேண்டும். காலைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. சிப்பிக்கு அடியில் அழுத்தம் கூடி முன்பக்கம் வலிக்கிறது. சீட் மிக உயர்ந்திருந்தால் வலி முழங்காலுக்குப் பின்னால் வரும். வீட்டிலேயே சரிபார்க்கலாம். சுவரைப் பிடித்தபடி சீட்டில் நேராக உட்கார்ந்து, செருப்பில்லாத குதிகாலைப் பெடலின் மேல் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் கால் சரியாக நீளும் உயரமே தொடக்கத்துக்கு ஏற்றது. வழக்கம்போலப் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 பாகை மடிப்பு தானாக வந்துவிடும். அந்த உயரத்தில் சீட்டுத் தண்டைச் சுற்றி ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவையுங்கள். வண்டியைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் உயரத்தை மாற்றிவிட்டால் உடனே தெரியும். மாற்றம் தேவைப்பட்டால் ஒரே நாளில் ஒரு அங்குலம் ஏற்றாமல், சில மில்லிமீட்டராக ஏற்றிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள்.

இனி கியர். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஊர் வரை ஏறத்தாழ 20 கி.மீ. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நூறு மீட்டர் போனால் ஐந்தாறு மீட்டர் ஏறுகிறோம் என்பது சராசரி. உடலும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், இந்த ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போக உங்கள் கால்கள் 100 முதல் 120 வாட் அளவுக்கு உழைத்தால் போதும். பழகிய ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு அது எட்டாத உழைப்பன்று. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான வண்டிகளில் அவ்வளவு மெதுவாக ஓட்டுவதற்கான கியரே இல்லை. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருக்கும் வண்டியில் நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வேகம் கிடைக்கும், மூச்சும் சீராக இருக்கும், முழங்காலும் தப்பிக்கும். அதே வேகத்தை முன்னால் 50, பின்னால் 28 பல்லில் எடுத்தால் நிமிடத்துக்கு முப்பத்துச் சொச்சம் மிதிதான். ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் மூட்டை சுமந்து ஏறுவதற்குச் சமம். பின்சக்கரப் பல்சக்கரத்தை மாற்றச் செலவாகும் என்று தயங்காதீர்கள். உங்கள் வலிக்கு மருந்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சனி, ஞாயிறுகளிலும் மே மாதக் கோடை விழா நாட்களிலும் இந்தப் பாதையில் ஏறாதீர்கள். வார நாளில் விடியும்போதே அடிவாரத்தைக் கடந்துவிடுங்கள். இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் உள்விளிம்பு செங்குத்தாக இருக்கும். மேலிருந்து வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சாலையில் நம் பாதியிலேயே சற்று வெளிப்பக்கமாக வளைந்தால் ஏற்றம் மட்டுப்படும். முதல் ஐந்து வளைவுகளில் பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கே மிதியுங்கள். ஆறாவது வளைவில் வலி வருகிறவர் அந்த ஐந்தையும் எப்படி ஏறினார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏறியவர் இறங்கியும் ஆக வேண்டும். பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறும். நேர்ச் சாலையிலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்தி, மீண்டும் பிடியுங்கள். புறப்படுமுன் பிரேக் ரப்பரில் உள்ள வரிப்பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தேய்ந்து மழுங்கியிருந்தால் அன்றைக்கு மலை வேண்டாம். மேல் வளைவுகளில் பனிமூட்டம் இறங்கினால் பகலிலும் பின்விளக்கு எரியட்டும். குரங்குகள் சாலையில் உட்கார்ந்திருக்கும் இடங்களில் உணவுப் பொட்டலத்தைக் கைப்பிடியில் தொங்கவிட வேண்டாம்.

கேள்வி: எனக்குப் பத்தாண்டாகச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வயது 63. நூறு கி.மீ.க்கு மேல் ஓட்டலாமா?
— வாசகர், ஆத்தூர்

பதில்: உங்கள் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் கொண்டுபோய், ‘ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து சைக்கிள் ஓட்டப்போகிறேன்’ என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ‘உடற்பயிற்சி செய்யலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘தாராளமாக’ என்றுதான் பதில் வரும். அது உங்களுக்கு உதவாது. இ.சி.ஜி., டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்ப்பது) பரிசோதனைகள் தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

மாத்திரைகளில் சிலவற்றைப் பற்றி நீங்களும் அறிந்திருக்க வேண்டும். இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் நீண்ட உழைப்பின்போது மட்டுமல்லாமல் அன்று இரவு உறங்கும்போதும் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடும்; அளவை என்ன செய்வது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், மெட்டோபுரோலால் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழும்போது வர வேண்டிய படபடப்பு வராமல் போகலாம். வியர்வை வரும், ஆனால் சைக்கிள் ஓட்டும்போது வியர்வையை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? ஆகவே குளுக்கோமீட்டர் கைப்பையில் இருக்கட்டும். 70-க்குக் கீழே காட்டினால் உடனே நின்று 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். இதே மருந்துகள் இதயத்துடிப்பையும் தாழ்த்திவைப்பதால், உச்ச இதயத்துடிப்பைக் காண ‘220-லிருந்து வயதைக் கழி’ என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பேச முடிகிறதா என்று பார்ப்பதே நம்பகமான அளவுகோல்.

கால்வலிக்கு முன்கூட்டியே டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு புறப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கும். உங்கள் நிலையில் அதை அறவே தவிருங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடக்கையிலோ பரவும் வலி, வழக்கத்தில் இல்லாத மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே இறங்கி 108-ஐ அழையுங்கள். அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது.

கேள்வி: வழியில் என்ன சாப்பிடுவது?
— பல வாசகர்கள்

பதில்: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிடும். வாழைப்பழம், கடலை மிட்டாய், இட்லி, பேரீச்சம்பழம் போதும். கடைகளில் விற்கும் விலையுயர்ந்த ஜெல் பொட்டலங்கள் கட்டாயம் இல்லை. உப்புப் போட்ட மோர் சேலத்து வெயிலுக்கு மிகச் சிறந்தது. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைச்சுற்றலும் குழப்பமும் வரும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பும் சேரட்டும். தட்டுவடை செட்டும் பிரியாணியும் முடித்துத் திரும்பிய மாலைக்கு இருக்கட்டும்.

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், வயது 59. ஐம்பத்தைந்தில்தான் மீண்டும் சைக்கிளைத் தொட்டேன். நூறு கி.மீ. முடித்துவிட்டேன், அடுத்து 200 பிரெவே. ‘இந்த வயதில் விழுந்தால் எலும்பு முறியும்’ என்று கணவர் தடுக்கிறார். மகன் மட்டும், ‘நான் காரில் பின்னாலேயே வருகிறேன், போங்கள் அம்மா’ என்கிறான். ஏற்றுக்கொள்ளலாமா?
— வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: மகனுடைய அன்பு பெரிது, ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் உங்கள் பிரெவே செல்லாமல் போய்விடும். வழியில் துணை வண்டி பின்தொடரக் கூடாது என்பது விதி. அறிவிக்கப்பட்ட சோதனைச் சாவடிகளில் மட்டும் அவர் காத்திருந்து உதவலாம். ஆகையால் சாவடிகளின் பெயரையும் நீங்கள் வந்துசேரக்கூடிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். கைபேசியில் உங்கள் இருப்பிடம் அவருக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி குறைகிறது. சைக்கிள் ஓட்டும்போது உடல் எடை எலும்பின் மேல் இறங்குவதில்லை என்பதால், இருதயத்துக்கும் தசைக்கும் அது செய்யும் நன்மையை எலும்புக்குச் செய்வதில்லை. வேகநடை, படியேற்றம், எடை தூக்கும் பயிற்சி ஆகியவற்றை வாரத்தில் இரண்டு நாளாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா ஸ்கேன் எடுத்து, வைட்டமின் டி அளவையும் பார்த்துவிட்டால் வீட்டில் பேசுவதற்கு அச்சத்துக்குப் பதிலாக ஒரு கணக்கு கிடைக்கும்.

நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டிருக்கலாம் என்பதால் நானே சொல்கிறேன். பெண்களின் இடுப்பெலும்பு அகலத்துக்கேற்ற, நடுவில் பள்ளம் உள்ள சீட் தனியாகக் கிடைக்கிறது. திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடையின்றி அணிய வேண்டும். உள்ளாடையின் தையல்தான் ஐந்தாறு மணி நேரத்தில் தோலைப் புண்ணாக்குகிறது. அதன் மேல் தளர்வான பேண்ட்டோ குர்தாவோ போட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. துப்பட்டா மட்டும் வேண்டாம். அது செயினிலும் சக்கரத்திலும் சிக்கும்.

கேள்வி: உடம்பு தேறுவதற்கு ஒரு வயது உண்டல்லவா? 65-க்கு மேல் பயிற்சி செய்து என்ன பயன்?
— வாசகர், ராசிபுரம்

பதில்: பிரான்ஸ் நாட்டு ராபர் மர்ஷான் 1911-ல் பிறந்தவர். பல்லாண்டு இடைவெளிக்குப் பின் அவர் மீண்டும் சைக்கிளுக்கு வந்தது 67 வயதில். 101 வயதுக்கும் 103 வயதுக்கும் இடையில் ஆய்வாளர்கள் வகுத்துக் கொடுத்த பயிற்சியை மேற்கொண்டார்: ஆண்டுக்கு 5,000 கி.மீ., அதில் ஐந்தில் நான்கு பங்கு எளிதான ஓட்டம், ஒரு பங்கு கடினமானது. அவர் உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் அந்த இரண்டாண்டில் 13 விழுக்காடு கூடியது. 2017 ஜனவரியில், 105 வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கி.மீ. ஓட்டினார். அவரைப் போல எல்லாராலும் முடியும் என்று சொல்ல வரவில்லை. உடம்பு தேறுவதற்கு 65 எல்லையில்லை என்பதற்கு இது போதுமான சான்று. அந்த ‘ஐந்தில் நான்கு பங்கு எளிது’ என்ற பங்கீட்டைத்தான் நான் எல்லாருக்கும் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: வயது 64. சென்ற குளிர்காலத்தில் 300 கி.மீ. பிரெவேயை 20 மணி 12 நிமிடத்தில் முடித்தேன். கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடம் இன்றும் உறுத்துகிறது. இரவில் எதிர்வரும் விளக்குகள் கண்ணைக் கூசச் செய்ததால் தருமபுரியிலிருந்து திரும்பும்போது மிகவும் மெதுவாகத்தான் வர முடிந்தது. மறுபடியும் முயலலாமா?
— வாசகர், ஓமலூர்

பதில்: முயலுங்கள். முந்நூறு கிலோமீட்டரை ஓட்டி முடித்த கால்கள் உங்களுடையவை. ஏட்டில் இல்லாவிட்டாலும் அது நடந்த உண்மை. உறுத்தல் எனக்கும் புரிகிறது. ஆனால் இருபது மணி நேரத்தில் பன்னிரண்டு நிமிடம் என்பது கால்வலுவின் குறை அன்று.

முதலில் கண். 300 கி.மீ. பயணம் விடியற்காலையில் தொடங்கினாலும் நம் வேகத்தில் நள்ளிரவையொட்டித்தான் முடியும். இரவு ஓட்டத்தைத் தவிர்க்கவே முடியாது. அறுபதுக்கு மேல் எதிர்விளக்கு கூசுவதற்குக் கண்புரையின் தொடக்கம் அடிக்கடி காரணமாக இருக்கிறது. கண் மருத்துவரிடம், இரவில் சாலையில் என்ன ஆகிறது என்று சொல்லிப் பரிசோதியுங்கள். புரை என்றால் அறுவைக்குப் பின் அவர் அனுமதிக்கும்வரை பிரெவேயைத் தள்ளிப்போடுங்கள். தருமபுரியிலிருந்து திரும்பும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நீங்கள் மெதுவாக வந்ததைக் குறையாகவே எண்ண வேண்டாம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளாகும் இடம் அது. அங்கே மிச்சப்படுத்தும் நிமிடம் எதுவும் நமக்கு வேண்டாம். பிரதிபலிக்கும் மேலுடையும் பின்விளக்கும் விதிப்படி கட்டாயம். பின்விளக்கு இரண்டாக இருக்கட்டும், ஒன்று அணைந்தாலும் ஓட்டுகிற நமக்குத் தெரியாது.

பன்னிரண்டு நிமிடத்தை நிறுத்தங்களில் தேடுங்கள். அடுத்த முறை ஒவ்வொரு நிறுத்தத்துக்கும், வண்டியை விட்டு இறங்குமுன்பே செய்ய வேண்டியதை மனத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்: முத்திரை, தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு. சாப்பாட்டில் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படலாம். தூக்கம் அழுத்தினால் மட்டும் நேரத்தைப் பார்க்காதீர்கள். கைபேசியில் மணி வைத்துப் பெட்ரோல் பங்க் போன்ற வெளிச்சமான இடத்தில் பதினைந்து, இருபது நிமிடம் உறங்கி எழுந்தால் கடைசி 60 கி.மீ.யில் அதைத் திருப்பி எடுத்துவிடலாம்.

டிசம்பர் பிற்பகுதியிலோ ஜனவரியிலோ வரும் 300-ஐத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. அதற்கு ஐந்தாறு வாரம் முன்பாக ஒரு 200-க்குப் பெயர் கொடுத்து, வேகத்தைப் பற்றி நினைக்காமல், மொத்த நிறுத்த நேரத்தை ஒன்றரை மணிக்குள் அடக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.